ஒரு ரப்பர் வளையத்தின் விலை: எம்எக்ஸ்-5 காருடன் பதினொரு ஆண்டுகள்

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று நல்ல விலைக்கு வந்திருப்பதாகவும், பதினொரு ஆண்டுகளாக அதே காரை வைத்திருப்பவன் என்ற முறையில் நான் என்ன சொல்கிறேன் என்றும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு இரண்டு நாள்களுக்கு முன்புதான் வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்கச் செய்யும் டைமிங் பெல்ட்டையும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்பையும் மாற்றும் வேலையை முடித்திருந்தேன். வலது கையின் நான்கு விரல் மூட்டுகளிலும் தோல் உரிந்திருந்தது. பின்வருவதைப் படிப்பவர்கள் அந்த மூட்டுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரின் பொது விவரங்கள் எல்லோரும் அறிந்தவை. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை வண்டி இது: 1.6 லிட்டர் எஞ்சின், பின்சக்கர இயக்கம், எழுந்து நிற்கும் முகப்பு விளக்குகள். என்னுடையது 1992-இல் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டு, பிற்காலத்தில் இங்கிலாந்துக்கு இறக்குமதியானது. இரு நாடுகளிலும் ஸ்டீயரிங் வலப்புறம் என்பதால் இப்படி வந்தவை இங்கே ஏராளம். உப்புத் தூவிய சாலைகளில் ஓடும் வண்டிக்கு உடல் துருப்பிடிப்பதுதான் பெரிய நோய் என்றாலும், அதைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியாயிற்று. நான் எஞ்சினைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாகங்களின் விலையைக் கேட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த எஞ்சினில் தேயும் பாகங்கள் மலிவானவை. டைமிங் பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், உருளும் ஐட்லர், வாட்டர் பம்ப், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் இரண்டு சீல்கள், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முன்புற சீல், கேம் கவர் கேஸ்கட், வெளிப்புற பெல்ட்டுகள் இரண்டு, புதிய கூலன்ட் என எல்லாவற்றையும் சேர்த்து எனக்கு ஆன செலவு 170 பவுண்டு. அதே வேலைக்குப் பட்டறையில் கேட்ட தொகை 520 பவுண்டு. இடையே உள்ள 350 பவுண்டும் பொருளுக்கானதன்று; கை நுழையாத இடத்தில் கையை நுழைப்பதற்கான கூலி. பதினொரு ஆண்டுகளில் இந்தக் காருக்காக நான் செலவழித்ததில் பெரும்பகுதி இந்தக் கணக்கில்தான் சேரும்.

என் பொறுமையை நிரந்தரமாகச் சோதித்து வரும் பொருள், சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிதான ஒரு ரப்பர் வளையம். கேம் எந்தக் கோணத்தில் சுழல்கிறது என்பதை எஞ்சின் கணினிக்குச் சொல்லும் சென்சார், எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் பின் முனையில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் கழுத்தில் உள்ள ஓ-ரிங்தான் எண்ணெய் வெளியே வராமல் காக்கிறது. எஞ்சினுக்கும் பயணிகள் அறைத் தடுப்புச் சுவருக்கும் இடையே காற்றோட்டமில்லாத, வெப்பம் தேங்கும் மூலையில் இருப்பதால், அந்த ரப்பர் காலப்போக்கில் இறுகிப் பிளாஸ்டிக் போல ஆகிவிடும். முப்பது வயதைக் கடந்த வண்டியில் ரப்பர் இறுகுவது யாருடைய குற்றமும் அன்று. வளையத்தின் விலை இரண்டு பவுண்டு. அது இருக்கும் இடம்தான் தொல்லை.

அந்த இடத்துக்கும் ஒரு காரணம் உண்டு. இந்த எஞ்சின், முன்சக்கர இயக்கம் கொண்ட மாஸ்டா 323 காரில் குறுக்குவாட்டில் படுத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே ஹெட்டின் இந்த முனை வண்டியின் பக்கவாட்டை நோக்கித் திறந்திருக்கும். நின்ற வாக்கில் கழற்றி மாட்டலாம். பின்சக்கர இயக்கத்துக்காக எஞ்சினை நெடுக்குவாட்டில் திருப்பியபோது, திறந்திருந்த முனை சுவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. எளிய விலைக்குத் திறந்த கூரை கொண்ட ஒரு ரோட்ஸ்டரை உருவாக்க நினைப்பவர்கள் கையில் உள்ள நல்ல எஞ்சினை எடுத்துத் திருப்பி வைப்பது அறிவுடைய முடிவுதான். அவ்வாறு செய்திராவிட்டால் என்னைப் போன்றவன் இந்தக் காரை வாங்கியிருக்கவே முடியாது. இதை நான் அமைதியாக நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். பானெட்டுக்கு அடியில் வயிறு அழுந்தக் குனிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு போல்ட்டை விரல் நுனியால் தேடும்போது ஒப்புக்கொள்வதில்லை.

வாங்கிய இரண்டாம் ஆண்டில் வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெய் சொட்டத் தொடங்கியது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியிலிருந்து சொட்டியதால், அருகிலிருந்த ஒரு பட்டறையில் கிராங்கின் பின் சீல் தேய்ந்துவிட்டது என்றார்கள். அந்த சீலை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கினார்கள், மாற்றினார்கள், 440 பவுண்டு வாங்கினார்கள். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் அதே சொட்டு. மேலே ஓ-ரிங்கிலிருந்து கசியும் எண்ணெய், ஹெட்டின் பின்புறமாக வழிந்து, ஹெட்டுக்குக் கீழே உள்ள எஞ்சின் பிளாக்கின் முதுகில் இறங்கி, கியர்பாக்ஸ் கூட்டின் அடித்துளை வழியாகத்தான் வெளியேறும். ஆகவே கீழே நின்று பார்ப்பவருக்கு இரண்டு கசிவும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபடுத்துவது கடினமன்று. ஹெட்டின் பின்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு நாள் ஓட்டியபின் விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் போதும். மேலே ஈரமாக இருந்தால் கசிவும் மேலேதான். எண்ணெய் கீழிருந்து மேலே ஏறாது. அந்தத் தடவலைச் செய்யாததற்காக நான் கொடுத்த 440 பவுண்டை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. நியாயமாகப் பார்த்தால், பழைய பின் சீலும் தன் காலத்தை முடித்திருக்கக்கூடும். ஆனால் நான் நியாயமாகப் பார்க்கும் மனநிலையில் இல்லை.

அதன்பிறகு அந்த வளையத்தை நானே மூன்று முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை, பல அளவுகளில் கலந்து விற்கும் பெட்டி ஒன்றிலிருந்து ஏறக்குறையப் பொருந்திய வளையத்தைப் போட்டேன். பதினெட்டு மாதம் தாங்கியது. இரண்டாம் முறை, சரியான தடிமனில், சூடான எண்ணெயைத் தாங்கும் ஃபுளோரோகார்பன் ரப்பர் வளையத்தைத் தேடி வாங்கினேன். ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. ஏறக்குறைய என்ற சொல்லுக்கு ஓ-ரிங்குகளின் உலகில் இடமில்லை என்பதை அப்போதுதான் கற்றேன். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் பேக்கைக் கழற்றி ஓரமாக வைத்தால் கைக்கு ஓரளவு வழி கிடைக்கும் என்பதையும் இரண்டாம் முறையில்தான் கண்டுபிடித்தேன்.

வளையத்தை மாற்றியதோடு வேலை முடிவதில்லை என்பது இதில் உள்ள அடுத்த எரிச்சல். அந்த சென்சாரைச் சற்றே திருப்பினாலும் தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங் மாறிவிடும். கழற்றுவதற்கு முன் கோடு கிழித்து வைத்து, அதே கோட்டில் திரும்ப மாட்டினாலும், சரிபார்க்காமல் விடுவது தவறு. பானெட்டுக்கு அடியில் உள்ள சோதனைப் பெட்டியில் டென் (TEN), கிரவுண்ட் (GND) என்ற இரண்டு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்தால்தான் கணினி தன் விருப்பத்துக்கு டைமிங்கை மாற்றாமல் நிற்கும். அதன்பின் தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைக் கிராங்கின் முன்முனையில் உள்ள பெல்ட் சக்கரமான புல்லியின் மீது அடித்து, பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 10 டிகிரி முன்பு தீப்பொறி விழுமாறு அமைக்க வேண்டும். இரண்டு பவுண்டு வளையத்துக்காக நாற்பது பவுண்டுக்கு ஒரு டைமிங் லைட் வாங்கியவன் நான்.

இனி டைமிங் பெல்ட். இதில் எனக்குக் குறையில்லை. மாறாக வியப்பே உண்டு. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இந்தப் பெல்ட் அறுந்துபோனாலும், வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதாதபடி இந்த எஞ்சினில் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. மோதும் வகை எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து, ஹெட்டையே கழற்ற வேண்டி வரும். வண்டியின் மதிப்பைவிடப் பழுதுச் செலவு கூடிவிடும். இதிலோ வண்டி ஓரமாக நின்றுவிடும், அவ்வளவே. நான் வாங்கியபோது பெல்ட் மாற்றியாயிற்று என்று விற்றவர் சொன்னார், பில் காட்டவில்லை. சில மாதங்கள் கழித்து நான் கழற்றிய பெல்ட்டை விரலால் மடக்கியபோது பற்களின் அடியில் வெடிப்புகள் வரிசையாகத் திறந்தன. அந்தப் பெல்ட்டோடு நான் ஸ்காட்லாந்து வரை போய்வந்திருந்தேன்.

வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றச் சொல்வது பட்டறைக்காரர்களின் பேராசை என்று சிலர் நினைப்பதுண்டு. இந்த எஞ்சினில் அப்படியன்று. பம்பைச் சுழற்றுவது வெளியே உள்ள ஆல்டர்னேட்டர் பெல்ட்தான் என்றாலும், பம்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டின் மூடிகளையும் பெல்ட்டையும் எடுத்தே ஆக வேண்டும். அறுபது பவுண்டுக்குள் கிடைக்கும் பம்பை இப்போது மிச்சம் பிடித்தால், அது ஒழுகத் தொடங்கும் நாளில் முழு வேலையையும் முதலிலிருந்து செய்ய நேரிடும். சீல்களுக்கும் இதுவே பொருந்தும்.

சென்ற முறை இரண்டு நாள்கள் எடுத்த இந்த வேலையில், முதல் நாளின் மாலை முழுவதையும் விழுங்கியது ஒரே ஒரு போல்ட். கிராங்க் முனையில் உள்ள பெரிய போல்ட்டை இளக்க வேண்டுமானால் கிராங்க் சுழலாமல் நிற்க வேண்டும். ஐந்தாம் கியரில் போட்டு, என் மனைவியைப் பிரேக்கை மிதித்துக்கொண்டு அமரச் செய்து, நீண்ட குழாயை ஸ்பேனர் பிடியில் மாட்டி இழுத்தேன். மூன்றாம் முயற்சியில் போல்ட் இளகியபோது எழுந்த ஓசையைக் கேட்டு, ஏதோ உடைந்துவிட்டது என்று அவள் காலை எடுத்துவிட்டாள். என் வண்டியில் புல்லிக்கு எட்டுப் பிளவுகள். அதாவது புல்லி மாட்டும் முனை, அதன் மூக்கு, நீண்டிருக்கும் பிந்தைய கிராங்க். நான்கு பிளவுகள் கொண்ட, 1991 வரையிலான குட்டை மூக்குக் கிராங்கில் இந்த போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் முறுக்காமல் விட்டால், புல்லி மெல்ல ஆடி ஆடி, அதைக் கிராங்கோடு பூட்டும் சாவிப் பள்ளத்தை அரித்து, இறுதியில் கிராங்கையே வீணாக்கிவிடும். கவனமில்லாமல் செய்த பெல்ட் மாற்றம் எஞ்சினைக் கொல்வது இப்படித்தான். இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது.

பெல்ட்டைத் திரும்ப மாட்டும்போது இரண்டு கேம் சக்கரங்களிலும் உள்ள ‘ஐ’ (I), ‘ஈ’ (E) குறிகளுக்கு இடையே பெல்ட்டின் 19 பற்கள் வர வேண்டும். எண்ணினேன், 19. டென்ஷனரை இறுக்கிக் கையால் கிராங்கைச் சுழற்றிவிட்டு மீண்டும் எண்ணினேன். 18 போலத் தோன்றியது. விளக்கை மாற்றிப் பிடித்து எண்ணினேன், 19. இரவு பதினொரு மணிக்குப் படுக்கையிலிருந்து எழுந்துபோய் இன்னொரு முறை எண்ணினேன். மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முதல் சுற்றிலேயே உயிர்பெற்று, வால்வுகளைத் தள்ளும் ஹைட்ராலிக் டேப்பட்டுகள் எண்ணெய் நிரம்பும்வரை சற்று நேரம் தட்டிவிட்டு, நிமிடத்துக்கு 850 சுழற்சியில் அமைதியாக நின்றது. அந்த டேப்பட்டுகளில் சில தேய்ந்திருக்கின்றன என்பதை நான் அறிவேன். மொத்தம் 16, ஒன்றின் விலை சிறிது, பதினாறின் விலை சிறிதன்று. தட்டல் நீடிக்காதவரை நான் அதைக் கேட்கவில்லை.

ஓட்டும் சுகத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுவதாக இருந்தேன். கியர் மாற்றும் பிடி, மணிக்கட்டை அசைத்தாலே ஒரு கியரிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று அமர்வதைப் பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னும் தேவையில்லாத இடங்களில்கூடச் செய்துபார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். பாகங்கள் மலிவு, எஞ்சின் பொறுமைசாலி, எதையும் வீட்டு வாசலில் வைத்தே மாற்றலாம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவர் வேலைக்கு ஆள் வைப்பவர். அவருக்கு இந்தக் கார் மலிவாக இருக்காது. வாங்கியே தீருவேன் என்றால், பெல்ட் மாற்றியதற்கான பில்லைக் கேட்கட்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளட்டும். புல்லியின் பிளவுகளை எண்ணட்டும். ஹெட்டின் பின்புறம் விரலை விட்டுத் தடவிப் பார்க்கட்டும்.

பதிலைக் கேட்டுவிட்டு, அப்படியானால் உன்னுடையதை விற்கிறாயா என்றார். விற்கவில்லை.