புதுப்பேட்டையில் இழுக்க வராத பெல்ட்

பழைய மாருதி ஜென்னுக்கு டிரைவர் பக்க சீட் பெல்ட் வேண்டுமென்றால் இன்றைக்கும் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைதான். ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் எந்தச் சந்தில் கதவு, எந்தச் சந்தில் கண்ணாடி என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேரம் படிந்தது. நாடா சுருண்டிருக்கும் ரீலைக் கையில் வாங்கி இழுத்தால் ஓர் அங்குலம்கூட வரவில்லை. "காருல மாட்டினா தானா வரும் சார்" என்றார் கடைக்காரர். பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்த்து அதையே சொன்னார். மதியம் முழுக்க இந்த ஒரு வாக்கியத்திலேயே போனது.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது பாதி உண்மை. பல ரீல்களுக்குள் சின்ன இரும்புக் குண்டு ஒன்று குழியில் உட்கார்ந்திருக்கும். வண்டி சட்டென்று நின்றாலோ சாய்ந்தாலோ குண்டு உருண்டு, மேலே உள்ள நெம்புகோலைத் தூக்கிப் பல்சக்கரத்தைப் பூட்டிவிடும். ரீலை மேசைமேல் படுக்கப் போட்டாலும் அப்படித்தான் பூட்டும். அதனால் கையில் பிடித்து இழுத்து வரவில்லை என்று நல்ல ரீலை ஒதுக்குவதும் தப்பு. மாட்டினால் வரும் என்று நம்பி வாங்குவதும் தப்பு.

சோதிக்கிற முறை இது. முன்கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் ரீல் எப்படி நிற்குமோ அப்படியே நிமிர்த்திப் பிடித்து நாடாவை மெதுவாக இழுங்கள், தங்குதடையில்லாமல் வர வேண்டும். பிறகு முன், பின், இடம், வலம் என்று நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயுங்கள். ஐரோப்பிய விதிப்படி 12 டிகிரி வரை பூட்டக்கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். கோணமானி தேவையில்லை, கண்ணளவு போதும். அடுத்து, நிமிர்ந்த நிலையிலேயே வெடுக்கென்று ஓர் இழுப்பு: பூட்ட வேண்டும். கடைசியாக நாடாவை முழுக்க வெளியே எடுத்து விடுங்கள், கடைசி அங்குலம் வரை தானே உள்ளே சுருள வேண்டும்.

அந்தக் கடையில் இதைச் செய்து பார்த்தபோது, ரீலை நன்றாகப் பின்பக்கம் சாய்த்த பிறகுதான் நாடா வந்தது. ஜென்னின் தூணில் அந்தச் சாய்வே கிடையாது. வேறு வண்டியின் ரீல் அது. சொன்னதற்கு, "பிளேட்டை லேசா வளைச்சுக்கலாம் சார்" என்று பதில். பிளேட்டை வளைத்தால் நாடா வரும்தான். ஆனால் ரீலைத் தூணோடு பிடித்து, மோதலில் இழுவையைத் தாங்குகிற பிளேட் அது. ஒரு முறை சுத்தியல் வாங்கிய இடத்தை எந்தக் கணக்கில் நம்புவது?

இன்னொருவர் மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கைச் சரி செய்து தருவதாகச் சொன்னார். உள்ளே இருப்பது இறுக்கிச் சுற்றிய தகட்டுச் சுருள். வெளியே பாய்ந்தால் பழையபடி சுற்றி வைக்க முடியாது. பெல்ட் மெதுவாகச் சுருள்வதற்குப் பெரும்பாலும் ஸ்பிரிங் காரணமும் இல்லை. தோளுக்கு மேலே உள்ள வளையத்தில் வருஷக்கணக்கில் சேர்ந்த வியர்வைப் பிசுக்குதான். நாடாவை முழுக்க இழுத்து கிளிப் போட்டு நிறுத்தி, வளையத்தையும் நாடாவையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் காய விட்ட பிறகே உள்ளே விட வேண்டும். பிளீச்சிங், சாயம், பெட்ரோல் மூன்றும் கூடாது.

இங்கிலாந்தில் காயலான் கடைக்குப் போன் போட்டு வண்டி நம்பரைச் சொன்னால் வருஷம், மாடல் எல்லாம் அவர்கள் திரையிலேயே வந்துவிடும். வருடாந்தர எம்.ஓ.டி. சோதனையில் நாடா வெட்டுப்பட்டிருந்தால் வண்டி தேறாது. இங்கே பெல்ட் போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் உண்டு. மாட்டியிருக்கிற பெல்ட் தாங்குமா என்று கேட்பார் இல்லை. பெல்ட் போடாமலே பக்கிளில் செருகி பீப் சத்தத்தை அடக்கும் போலி நாக்கை ஆன்லைனில் விற்கக்கூடாது என்று 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பெல்ட் வாங்கினால் நாக்கு, பக்கிள், ரீல் மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வந்த செட்டாக இருக்க வேண்டும். 'க்ளிக்' என்று கேட்டாலே பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. நாடா அலை அலையாக நெளிந்திருந்தாலோ, வளையத்தில் பிளாஸ்டிக் உருகித் தேய்ந்த பளபளப்பு தெரிந்தாலோ, அது விபத்தைப் பார்த்த பெல்ட். வெட்டுப்பட்ட நாடாவைத் தையல்காரரிடம் ஒட்டுப் போடுவது வேண்டவே வேண்டாம். போல்ட்டிலும் கவனம்: பெரும்பாலான கார்களில் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. கைக்குக் கிடைத்த 12 மில்லி போல்ட்டை போல்ட் முடுக்கும் கன் வைத்து ஏற்றினால் மரை போய்விடும். கையால் சில சுற்று ஏறிய பிறகே ஸ்பானர். முறுக்கு வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்குக் குறையக்கூடாது. போல்ட்டைச் சுற்றி வரும் புஷ், வாஷரை விட்டுவிட்டால் நாடாவின் அடிப்பிளேட் திரும்பாமல் இறுகிப்போகும்.

இத்தனை புலம்பலுக்கும் நடுவே ஒரு சந்தோஷம், கதவின் உள்பக்கத்தை மூடும் டோர் பேட். ஊறி உப்பிய அட்டையைக் கொடுத்தால் அதை வைத்தே புது ஹார்ட்போர்டில் கோடு போட்டு, துளை அடித்து, ரெக்சின் ஒட்டி மாலைக்குள் தந்துவிடுகிறார்கள். லண்டனில் இந்த வேலைக்கு ஆள் கிடைப்பதே அபூர்வம், கிடைத்தாலும் கூலி காரின் விலையைத் தொடும். ஒரே குறை, கதவுக்குள் ஒட்டியிருக்கும் பாலிதீன் தாளைக் கிழித்து எறிந்துவிடுவது. கண்ணாடி பீடிங் வழியாக இறங்கும் மழைத்தண்ணீரை அந்தத் தாள்தான் பேட் பக்கம் வராமல் தடுக்கிறது. தாள் இல்லாமல் மாட்டினால் ஐப்பசி மழைக்கே புது அட்டையும் உப்பும். கெட்டியான தாளைப் பியூட்டைல் பசையால் சுற்றிலும் ஒட்டச் சொல்லுங்கள், கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிதுளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள். கிளிப்புகளைத் தேவைக்கு மேல் பத்து வாங்குங்கள், வெயிலில் காய்ந்த பழசு கழற்றும்போதே உடையும். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பின்னால் துணியைக் கொடுத்து இருபுறமும் இழுத்தால் பூட்டுக் கம்பி தெறித்து விழும். கீழே ஒரு விரிப்பு இருக்கட்டும்.

ஜென் ஐரோப்பாவில் சுசுகி ஆல்டோ என்ற பெயரில் விற்றது. அதனால் அங்கே பார்த்து பெல்ட் வாங்கி வர நினைப்பவர்கள், ரீலோடு மின்கம்பி வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால், மோதலில் நாடாவை இறுக்குவதற்கான வெடிமருந்து பெரும்பாலும் உள்ளே இருக்கும், விமானப் பெட்டியில் ஏற்ற விடமாட்டார்கள்.