கதிர் படாத இடத்தில் எவ்வளவு பட்டது?

பெரியம்மாவுக்கு வலது மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, அடுத்து கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். இடது தோளுக்குக் கீழே அவருக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன் துணைக்குப் போனதில், இந்தப் பயணக் குறிப்பே ஆஸ்பத்திரிக் கதையாகிவிட்டது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்க்கைப் படிவத்தில் பேஸ்மேக்கர் உண்டா என்ற கேள்வி இருந்தது. உண்டு என்று எழுதிக் கொடுத்தோம். அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானாகக் கேட்டதற்கு, "கதிர் வலது பக்கம்தானே சார், இந்தப் பக்கம் ஒண்ணும் வராது" என்று கவுண்டரில் இருந்தவர் முடித்துவிட்டார். விடாமல் கேட்டுக் கேட்டு, கடைசியில் மருத்துவ இயற்பியலாளர் அறையைக் கண்டுபிடித்தோம். நோயாளிகள் வழக்கமாகப் பார்க்காத ஆள். ஆனால் கதிரின் அளவைக் கணக்குப் போடுவது அவர்தான்.

"வரும். எவ்வளவு வரும்னுதான் பார்க்கணும்" என்றார் அந்த இயற்பியலாளர் அம்மா.

குறிவைத்த இடத்துக்கு வெளியே கதிர் மூன்று வழியில் போகிறது. இயந்திரத்தின் தலைப்பகுதிக் கவசத்தைத் தாண்டிக் கசிவது ஒன்று. கதிரை வடிவமைக்கும் உலோகத் தகடுகளில் பட்டுச் சிதறுவது இன்னொன்று. மூன்றாவது, உடம்புக்குள்ளேயே சிதறுவது. கதிர்ப் பரப்பின் விளிம்பை ஒட்டி இந்த உடம்புச் சிதறல்தான் அதிகம். தூரம் போகப் போக கசிவு முந்திக்கொள்கிறது. கசிவு 1 மீட்டர் தூரத்தில் மூலக் கதிரில் சராசரியாக 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேச விதி உண்டு. கவசம் எவ்வளவு கனமாக இருந்தாலும் உடம்புச் சிதறலைத் தடுக்க முடியாது.

திட்டமிடும் கணினி பேஸ்மேக்கர் இருக்கும் இடத்துக்கு மொத்தம் 0.3 கிரே (உடம்பு வாங்கும் கதிரின் அளவைச் சொல்லும் அலகு) என்று காட்டியது. மார்புக்குக் கொடுப்பது 15 அமர்வுகளில் 40 கிரே. ஒரு சதவீதம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் அந்த எண்ணை அவரே நம்பவில்லை. அந்த மென்பொருள் கட்டியைத் துல்லியமாகக் குறிவைக்கத்தான் எழுதப்பட்டது. விளிம்பைத் தாண்டி விலகினால் பெரும்பாலும் குறைத்தே சொல்லும். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 2017 அறிக்கையும் இதைச் சொல்லி, வெளியே இருக்கும் இடங்களுக்கு நேரடியாக அளந்து பார்க்கச் சொல்கிறது.

அளந்தார்கள். லித்தியம் ஃபுளோரைடில் செய்த, சில மில்லிமீட்டரே இருக்கும் சில்லுகளை பேஸ்மேக்கருக்கு மேலே தோலில் ஒட்டி, அதன்மேல் 1 செ.மீ. கனத்தில் ஜெல் போன்ற ஒரு தகட்டை வைத்தார்கள். தகடு எதற்கு என்றால், தறிகெட்டு வரும் எலக்ட்ரான்கள் தோலின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். மூடாமல் அளந்தால் உள்ளே இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அப்புறம் அந்தச் சில்லுகளைச் சூடாக்கினால் வாங்கிய கதிருக்கு ஏற்ப ஒளி விடும். மறுநாள் விடை வந்தது. ஒரு அமர்வின் அளவை 15-ஆல் பெருக்கினால் 0.5 கிரே. சிதறிய கதிரின் ஆற்றல் குறைவு என்பதால் இந்தச் சில்லு கொஞ்சம் கூட்டியே காட்டும், அது நமக்குப் பாதுகாப்பான பக்கம்தான் என்றார். பேஸ்மேக்கருக்கு 2 கிரேக்குக் கீழே என்றால் ஓரளவு நிம்மதி. 5-ஐத் தாண்டினால் அதிக அபாயம்.

இதற்கிடையில் சித்தப்பா மகன் வெளிநாட்டிலிருந்து போன் போட்டு, "சுத்திச் சுத்திக் கொடுக்கிற புது முறையில கேளு" என்று நச்சரித்தான். அதையும் கேட்டேன். அப்படிக் கொடுத்தால் இயந்திரம் அதிக நேரம் கதிரை விட வேண்டும், கசிவு கூடும், சின்ன அளவு கதிர் நிறைய இடத்துக்குப் பரவும். பெரியம்மாவுக்குப் பக்கவாட்டில் இரண்டு கோணங்களே போதும் என்றார். கதிரின் ஆற்றலை 6 மெகாவோல்ட் என்று தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. 10-க்கு மேலே போனால் நியூட்ரான்கள் பிறக்கும், பேஸ்மேக்கரின் மின்சுற்றுக்கு அவை ஆகாது.

இத்தனை சின்ன எண்ணுக்கு இவ்வளவு மெனக்கெடல் தேவையா என்று கேட்பவர்களுக்கு: பேஸ்மேக்கர் மட்டுமல்ல, இதயமும் குறிக்கு வெளியேதான் இருக்கிறது. சுவீடன், டென்மார்க்கில் மார்புப் புற்றுநோய்க்குக் கதிர் பெற்ற 2,168 பெண்களை வைத்து 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. இதயத்துக்குப் போகும் சராசரி அளவு 1 கிரே கூடினால் பெரிய இதய நோய் நேரும் விகிதம் 7.4 சதவீதம் கூடியது. இதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று சொல்லும்படி ஓர் எல்லையும் தெரியவில்லை.

சேவைக்கு என் மதிப்பெண்: அளந்தவர்களுக்கு நூறு, தகவல் சொன்ன விதத்துக்கு முப்பது. கடைசியில் கொடுத்த சிகிச்சைச் சுருக்கத்தில் "40 கிரே, 15 அமர்வு" என்று மட்டும்தான் இருந்தது. அளந்த கணக்கைத் தனித்தாளில் கேட்டு, கையெழுத்தோடு வாங்கி, இதய மருத்துவரின் ஃபைலில் ஒரு நகலும் வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.