பிராக் நகரில் தனி வழிகாட்டி அமர்த்துவோர் கவனத்துக்கு

ஐரோப்பியப் பயணத்தில் செக் குடியரசின் தலைநகரான பிராக்கையும் சேர்த்துக்கொள்ள எண்ணுபவர்கள், குறிப்பாக வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், "தமிழ் பேசும் தனி வழிகாட்டி, ஊர் சுற்றிப் பார்ப்பதும் ஷாப்பிங்கும் சேர்த்து ஒரே கட்டணம்" என்று வரும் விளம்பரங்களை நம்பி முன்பணம் அனுப்புவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்பதால், தமிழிலேயே விளக்கிச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் நல்லது என்று அப்படிப்பட்ட ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டு நாங்கள் மூவரும் போனோம். அவருடைய பெயரையோ அவர் அழைத்துச் சென்ற கடைகளின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. விளம்பரப் பெயரை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், எங்களை ஏமாற்றிய முறையைத் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

இத்தகைய வழிகாட்டிக்கு நாம் கொடுக்கும் கட்டணம் சிறு வருமானம்தான். பெரிய வருமானம் கடைக்காரர்கள் கொடுக்கும் கமிஷனில் இருக்கிறது. கமிஷன் வேண்டுமென்றால் நம்மை நீண்ட நேரம் கடைகளில் உட்கார வைக்க வேண்டும், அதற்கு நேரம் மிச்சமாக வேண்டும். எங்கள் வழிகாட்டி அந்த நேரத்தை உண்டாக்கிக்கொண்ட விதம் இது: பார்க்க வேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் அது மூடியிருக்கும் நேரத்திலேயே எங்களை அழைத்துச் சென்றார்.

யோசெஃபோவ் எனப்படும் பழைய யூதர் பகுதியைச் சனிக்கிழமைக்கு வைத்திருந்தார். அங்குள்ள தொழுகைக்கூடங்கள் பலவும் பழைய யூதக் கல்லறைத் தோட்டமும் யூத அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள் ஆகையால் அன்று அவை திறப்பதே இல்லை. பிராக்கில் தொழில் செய்யும் வழிகாட்டி ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே கிடையாது. நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 செக் யூதர்களின் பெயர்கள் எழுதப்பட்ட பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் விருப்பம். பூட்டிய கதவின் முன்னால் நின்றுகொண்டு, "இன்னைக்குன்னு பார்த்து மூடிட்டாங்களே அங்கிள், பரவாயில்ல, அந்த நேரத்துல நல்ல கடை ஒண்ணு காட்டுறேன்" என்று அவர் சொன்னார். நுழைவுச்சீட்டுக்கான பணம் முன்கூட்டியே கட்டணத்தில் சேர்த்து வாங்கப்பட்டிருந்தது. அது திரும்பி வரவில்லை.

மறுநாள் ஞாயிறு காலையில் பிராக் கோட்டை. அதற்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வழிபாடு நடப்பதால் சுற்றுலாப் பயணிகளை நண்பகலுக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். அங்கும் அதே பேச்சு, அதே பரிதாப முகம், அதைத் தொடர்ந்து ஒரு கண்ணாடிப் பாத்திரக் கடை. கோட்டைக்கென்று ஆளுக்கு ஒரு தொகை வாங்கியிருந்தார். ஆனால் அவர் எங்களை அழைத்துச் சென்ற முற்றங்களுக்கு யாரும் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை. கோட்டை வளாகத்தில் எவரும் இலவசமாக நடக்கலாம். பேராலயம், பழைய அரண்மனை, பொற்சந்து ஆகியவற்றின் உள்ளே போவதற்குத்தான் சீட்டு வேண்டும், அந்தச் சீட்டும் 2 நாள்களுக்குச் செல்லும். இந்த விவரத்தைக் கோட்டையின் தகவல் மையத்தில் நானே கேட்டுத் தெரிந்துகொண்டபோது, அவர் தொலைபேசியில் பேசுவதுபோல் தள்ளிப் போய்விட்டார்.

பணம் மாற்றிய கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உங்களைக் காக்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ நாணயம் அல்ல; கொருனாதான். நாங்கள் போனபோது ஒரு யூரோவுக்கு வங்கி மதிப்பு 25 கொருனாவை ஒட்டி இருந்தது. பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பணமாற்றுக் கடைக்கு அவர் எங்களை அழைத்துப் போனார். "கமிஷன் இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த அந்தக் கடையில் 300 யூரோவுக்கு எங்கள் கையில் கிடைத்தது 5,000 கொருனாவுக்கும் குறைவு. கமிஷன் வாங்காமல் மாற்று விகிதத்திலேயே கொள்ளையடிப்பது இவர்கள் வழக்கம். அப்பா நோட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே கவுண்டரிலிருந்த ரசீதை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கணக்குக்கு நான் வச்சுக்கறேன் அங்கிள்" என்றார் வழிகாட்டி. அது அக்கறையால் அல்ல என்பது மாலையில்தான் விளங்கியது. 2019 ஏப்ரல் முதல் அந்நாட்டில் நடைமுறையில் உள்ள சட்டப்படி, 1,000 யூரோ மதிப்பு வரையிலான பணமாற்றத்தை 3 மணி நேரத்துக்குள் அதே கடைக்குத் திரும்பிப் போய் ரத்து செய்து, கொடுத்த பணத்தை அப்படியே பெற்றுக்கொள்ளலாம். அதற்கு ரசீது வேண்டும். மூன்று மணி நேரம் கழியும்வரை ரசீது அவரிடமே இருந்தது.

ஆகையால் ரசீதை எந்தக் காரணத்துக்காகவும் பிறர் கையில் கொடுக்காதீர்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே, கையில் எத்தனை கொருனா வரும் என்பதைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தெருவில் நின்று நல்ல விகிதம் தருவதாக அழைப்பவர்களிடம் போகவே வேண்டாம். புழக்கத்தில் இல்லாத வேறு நாட்டு நோட்டுகளைக் கொருனா என்று கொடுத்துவிடுவார்கள். கார்டு தேய்க்கும்போதும் ஏடிஎம்மில் எடுக்கும்போதும் திரையில் ரூபாயிலோ யூரோவிலோ கணக்கிட்டுக் காட்டினால் மறுத்துவிட்டு, கொருனாவிலேயே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி எங்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பு. பிராக்கில் வாங்கத்தக்க பொருள்களில் பொஹீமியக் கார்னெட் நகைக்கு உண்மையிலேயே தனி மதிப்பு உண்டு. அது பைரோப் என்ற வகைக் கல். செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவின் வடக்கில் கிடைப்பது. அனலைப் போன்ற சிவப்பு. அந்தக் கற்கள் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும், பெரியவை மிக அரிது. அதனால்தான் மரபான செக் நகைகளில் சின்னஞ்சிறு கற்களை இடைவெளி தெரியாமல் நெருக்கிப் பதித்திருப்பார்கள். இது எதையும் எங்களிடம் சொல்லாத வழிகாட்டி, அம்மாவின் நம்பிக்கையை அறிந்துகொண்டு, "இது நம்ம கோமேதகக் குடும்பந்தான் ஆன்ட்டி, வீட்டுக்கு ரொம்ப நல்லது" என்றார். கோமேதகமும் கார்னெட் இனத்தைச் சேர்ந்தது என்பது உண்மையே. ஆனால் அவர் காட்டிய கல்லுக்கும் பொஹீமியாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கட்டைவிரல் நகம் அளவு நடுக்கல், இருபுறமும் ஒரே அளவில் வரிசையாகக் கற்கள், வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பினூடே ஊதா ஓடும் நிறம். விலை 18,000 கொருனா. தன் அறுபதாவது பிறந்தநாள் நினைவாக இருக்கட்டும் என்று அம்மா ஆசையோடு கழுத்தில் வைத்துப் பார்த்தார்.

ஊர் திரும்பிக் கோவையில் கல் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தபோது, அவை அல்மண்டைன் என்ற வேறு வகைக் கார்னெட் என்று அறிக்கை வந்தது. பல நாடுகளில் ஏராளமாகக் கிடைக்கும், விலை குறைந்த கல் அது. கடைக்காரர் கொடுத்த சான்றிதழை எடுத்துப் படித்தால் அதில் "இயற்கைக் கார்னெட்" என்று மட்டுமே இருக்கிறது, ரசீதில் வெறும் "நெக்லஸ்". பொஹீமியக் கல் என்பது வழிகாட்டியின் வாய்மொழி மட்டுமே. எழுத்தில் எங்கும் இல்லை. கடையும் வழிகாட்டியும் பொய்யை இப்படிப் பங்கிட்டுக்கொள்வதால், கடையைக் கேட்டால் நாங்கள் அப்படிச் சொல்லவில்லை என்பார்கள், வழிகாட்டியைக் கேட்டால் விற்றது நானல்ல என்பார். நீங்கள் கார்னெட் வாங்குவதானால் பொஹீமியப் பைரோப் என்று சான்றிதழிலும் ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். துர்னோவ் என்ற ஊர் இந்தக் கல்வேலைக்குத் தலைமுறைகளாகப் பெயர் பெற்றது. அங்கே செய்த நகைகளை உரிய சான்றுடன் விற்கும் கடைகள் பிராக்கிலேயே இருக்கின்றன.

வரியைத் திரும்பப் பெறும் வாய்ப்பையும் இதே கடை கெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே நாளில் ஒரே கடையில் 2,000 கொருனாவுக்கு மேல் வாங்கினால், விலைக்குள் அடங்கிய மதிப்புக் கூட்டு வரியில் பெரும் பகுதியைத் திரும்பப் பெற வழியுண்டு. அதற்குரிய படிவத்தைக் கடைக்காரரே நிரப்பித் தர வேண்டும். அதில்தான் சுங்கத்துறை முத்திரை வைக்கும். "ஏர்போர்ட்ல ரசீதைக் காட்டினாப் போதும்" என்று சொல்லி அனுப்பினார்கள். விமான நிலையத்தில், படிவம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று மரியாதையாகவே மறுத்துவிட்டார்கள்.

சாப்பாட்டில் நடந்தது சிறியதுதான். சதுக்கத்துக் கடைகளில் எழுதியிருக்கும் விலை பல நேரம் 100 கிராமுக்கானது. கேட்காமலே தட்டு நிறைய அள்ளிவைத்து எடை போட்டுப் பல மடங்கு வாங்கிவிடுவார்கள். எடையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஞாயிறு மதியத்தோடு அந்த வழிகாட்டியை அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் நாங்களாகப் பார்த்தவை. 22ஆம் எண் டிராமில் ஏறினால் கோட்டைக்கு அருகிலேயே இறங்கலாம், முட்டிவலி உள்ள அம்மாவுக்கு மேடேறும் சிரமமே இல்லை. 1344இல் தொடங்கி 1929இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பேராலயத்தினுள், ஓவியர் முஹா வடிவமைத்த வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின் வழியே வெயில் இறங்கித் தரையில் நிறங்களாகக் கிடந்தது. விளக்கிச் சொல்ல ஆளில்லாமலே அம்மா அங்கே நெடுநேரம் அமர்ந்திருந்தார். திங்கட்கிழமை அப்பாவைப் பிங்காஸ் தொழுகைக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். மனிதர்கள் ஆயிரமாயிரம் பேராக அழிக்கப்பட்டதற்குச் சாட்சியாக நிற்கும் ஓர் இடத்தை நகைக்கடைக்கு நேரம் திரட்டும் சாக்காக அந்த ஆள் பயன்படுத்தியதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

வழிகாட்டி கட்டாயம் தேவை என்றால், செக் நாட்டில் வழிகாட்டிகளுக்கு அடையாள அட்டை உண்டு, அதைப் பிறர் கண்ணில் படும்படி அணிந்திருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்; முன்பணம் அனுப்புவதற்கு முன்பே அதன் படத்தைக் கேளுங்கள். எங்களுடன் வந்தவர் கழுத்தில் எதுவும் இல்லை. அவர் அனுப்பும் நாள்வாரித் திட்டத்தை, அந்தந்த இடத்தின் திறப்பு நேரத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். நுழைவுச்சீட்டுகளை நீங்களே வாங்கிக்கொள்வதாகவும், கடைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம் என்றும் எழுதுங்கள். அதற்குப் பிறகும் அதே கட்டணத்துக்கு வரச் சம்மதிப்பவரைப் பரிசீலிக்கலாம்.

நகைக்கடை குறித்துச் செக் வணிக ஆய்வு அமைப்புக்கு, கல் பரிசோதனை அறிக்கை, ரசீது, சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களோடு புகார் அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.