குண்டா, தடையா, பேச்சா: அணு ஆயுதப் பரவலை எது தடுக்கிறது?

2025 ஜூனில் ஈரான் அணு நிலையங்கள் மீது குண்டு விழுந்தபோது, மும்பை செம்பூரின் சேடா நகர் முருகன் கோயில் வாசலில் கேட்ட தீர்ப்பு ஒன்றுதான்: "அடிச்சாத்தான் சார் அடங்குவாங்க." டிராம்பே அணு உலைகளுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருப்பவர்கள் இதைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் வேடிக்கைதான்.

சரி, அடித்தால் என்ன ஆகிறது? 1981 ஜூன் 7 அன்று ஈராக்கின் ஒசிராக் உலையை இஸ்ரேல் விமானங்கள் தகர்த்தன. சதாம் உசேன் திட்டத்தைக் கைவிடவில்லை. ரகசியமாக, இன்னும் பெரிதாக ஆரம்பித்தார். 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு ஆய்வாளர்கள் உள்ளே போனபோதுதான் அதன் முழு அளவு வெளியே தெரிந்தது. ஈரானிலும் தாக்குதல் முடிந்த கையோடு சர்வதேச அணுசக்தி முகமையுடனான ஒத்துழைப்பு நிறுத்தப்பட்டது. 60 சதவீதம் செறிவூட்டிய (செறிவு கூடக் கூடக் குண்டுக்குப் பக்கத்தில் போகும்) சுமார் 440 கிலோ யுரேனியம் என்ன ஆனது என்று முகமையால் நேரில் போய்ச் சரிபார்க்க முடியவில்லை. கட்டடம் போனது, கூடவே கண்காணிப்பும் போனது.

அடுத்தது தடை, அதாவது பொருளே கிடைக்காமல் செய்வது. இதற்கு டிராம்பேயைவிட நல்ல உதாரணம் இல்லை. கனடா கொடுத்த சைரஸ் உலை 1960-இல் இயங்கத் தொடங்கியது. அது ஓடத் தேவையான கனநீர் அமெரிக்கா தந்தது. அமைதிப் பயன்பாட்டுக்கு மட்டும் என்பதுதான் பேச்சு. 1974 பொக்ரான் சோதனைக்கான குண்டுப் பொருளான புளூட்டோனியம் அந்த உலையிலிருந்துதான் வந்தது. கனடா உதவியை நிறுத்தியது. அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு உருவானதே இந்தச் சோதனையால்தான். பலன்? இந்தியா தாமதப்பட்டது, நிற்கவில்லை. கல்பாக்கத்தின் முதல் மின் உலை 1983-இலும், டிராம்பேயில் துருவா உலை 1985-இலும் வந்துவிட்டன; 1998-இல் மறுபடியும் சோதனை. தடை, குண்டைவிட மின்சாரத்தைத்தான் அதிகம் தாமதப்படுத்தியது என்பது என் கணக்கு. இதற்கு நடுவே பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.க்யூ.கான், யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு எந்திரங்களின் தொழில்நுட்பத்தை லிபியா, ஈரான், வட கொரியா வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

பல வருடத் தடையில் கிடைக்காத ஒன்று பேச்சில் கிடைத்தது. இந்திய-அமெரிக்க அணு உடன்பாட்டின்படி 14 மின் உலைகளைச் சர்வதேசக் கண்காணிப்பில் வைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. 2010 முடிவில் சைரஸும் மூடப்பட்டது. ராணுவப் பயன்பாட்டு உலைகள் வெளியே நின்றன. குண்டு வெடித்தவனுக்கே பரிசா என்று கேட்டவர்களின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் இன்னும் குண்டு செய்யாத நாட்டிடம் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2015 ஈரான் ஒப்பந்தம்தான் அளவுகோல். செறிவூட்டலுக்கு 3.67 சதவீத வரம்பு, கையிருப்பு 300 கிலோவுக்கு மேல் கூடாது, ஆய்வாளர்களுக்கு அனுமதி. ஈரான் இதைக் கடைப்பிடிப்பதாக முகமை திரும்பத் திரும்ப அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தபோதே, 2018 மே மாதம் டிரம்ப் வெளியேறினார். 2021-இல் ஈரான் 60 சதவீதத்துக்குப் போனது. வட கொரியக் கதையும் ஏறக்குறைய இதுதான், அங்கே ஏமாற்று வேலை இரண்டு பக்கமும் இருந்தது என்பதைத் தவிர. அமெரிக்காவோடு செய்த 1994 உடன்பாடு வட கொரியாவின் யோங்பியோன் உலையை எட்டு வருடம் முடக்கி வைத்தது. 2002-இல் அது முறிந்தது, 2006-இல் முதல் சோதனை.

குண்டைக் கைவிட்டவர்களின் கதி வேறு கண்முன்னே இருக்கிறது. லிபியாவின் கடாபி 2003-இல் திட்டத்தை ஒப்படைத்தார், 2011-இல் கொல்லப்பட்டார். 1994-இல் எல்லைக்கு உறுதிமொழி வாங்கிக்கொண்டு ஆயுதங்களைக் கொடுத்த உக்ரைனுக்கு 2014-இல் கிரிமியா பறிபோனது. தெஹ்ரானும் பியோங்யாங்கும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் என் ஓட்டு பேச்சுக்குத்தான். மூன்றில் அது ஒன்றுதான் ஆய்வாளரை உலைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறது. அதன் பலவீனம், அடுத்து வரும் ஆட்சி அதைக் கைவிட்டுவிடலாம் என்பது. 1994, 2015 இரண்டுமே அமெரிக்க செனட் ஒப்புதல் பெற்ற உடன்படிக்கைகள் அல்ல. ஈரானோடு இன்னொரு ஒப்பந்தம் வந்தால் நான் முதலில் தேடப்போவது செறிவூட்டல் சதவீதத்தை அல்ல, அந்த ஒப்புதலை.