தூசியைத் தள்ளும் 1 வாட் பச்சை லேசர்: வாங்கலாமா?

தூசிப் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் ஏறிய நுண்துகள்கள் மிதக்கும் அயனி வாயு, அதை ஆராயும் லேபுக்கு என்றால் வாங்கலாம். ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் வருபவை எல்லாம் ஏறக்குறைய ஒரே பெட்டிதான்.

எங்கள் சேம்பரில் ஆர்கான் வாயு, பிளாஸ்மாவை உண்டாக்க 13.56 மெகாஹெர்ட்ஸ் ஆர்.எஃப். (ரேடியோ அலைவரிசை மின்சாரம்), தூசியாக 7 மைக்ரான் விட்டமுள்ள மெலமைன் பிளாஸ்டிக் உருண்டைகள். ஒவ்வோர் உருண்டையும் சுமார் 10,000 எலக்ட்ரான்களைச் சுமந்துகொண்டு கீழ் எலக்ட்ரோடுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். ஆர்.எஃப். புலமே அதை ஆட்டிவிடாதா என்று எம்.எஸ்சி. பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். ஆட்டாது. நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் தடவை ஆடும் புலத்தின் பின்னால் எலக்ட்ரான் ஓடும், இந்தக் குண்டுத் தூசி எங்கே ஓட? அதன் சொந்த ஆட்டமே நொடிக்குப் பத்து இருபதுதான்.

தூசியை நகர்த்த ஒளியின் அழுத்தம் வேண்டும். 532 நானோமீட்டர் கற்றையை அரை மில்லிமீட்டர் புள்ளியாகக் குவித்தால், 1 வாட்டில் உருண்டையின் எடையில் கால்வாசி விசை கிடைக்கிறது. கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் எடையைப் பிளாஸ்மாவின் மின்புலம் தாங்கிக்கொள்கிறது. பக்கவாட்டில் தடுப்பது வாயுவின் உராய்வும் அக்கம்பக்கத்து உருண்டைகளின் விலக்கமும்தான். உருண்டைகள் ஒன்றையொன்று விலக்கி, படிகம்போல ஒழுங்கான வரிசைகளாக நிற்கும். கற்றையைக் கிடையாக விட்டதும் அந்தப் படிகத்தில் ஒரு வரிசை மட்டும் ஊர்ந்து போவதை மானிட்டரில் பார்க்க வேண்டும்! விட்டு விட்டு அடித்தால் அலையே எழும்புகிறது. 1994இல் கண்டுபிடித்த பிளாஸ்மா படிகத்தை இப்படிச் சீண்டிப் பார்க்கத்தான் இந்தச் செலவு.

டி.டி.எல். மாடுலேஷன் (மின்குறிப்பால் லேசரை அணைத்து எரிப்பது) அருமை, 10 ஹெர்ட்ஸில் சுத்தமாக அணைந்து எரிகிறது. பவரைக் கூட்டிக் குறைக்கும் அனலாக் மாடுலேஷன் சுமார். பெரிய குறை, சூடேறும்வரை பவர் அலைபாய்கிறது. அரை மணி நேரம் ஓடவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே அளவெடுங்கள். பெட்டியின் விசிறி அதிர்வு கற்றைவரை வருவதால் அடியில் ரப்பர் வைத்தோம். லென்ஸ் தனியாக வாங்க வேண்டும். கூட வரும் கண் பாதுகாப்புக் கண்ணாடியை நம்பவே நம்பாதீர்கள். இது நான்காம் வகுப்பு லேசர், ஆபத்தில் உச்ச வகை. 532க்கென்று சான்று பெற்ற கண்ணாடி தனியாக வாங்குங்கள். சந்தேகம் கேட்டு விற்றவருக்கு எழுதினால், எந்த மேடை நிகழ்ச்சிக்கு என்று திருப்பிக் கேட்டார்.

இன்னொன்று. தூசியைப் படம்பிடிக்கவும் பச்சை ஒளியே வைத்தால், தள்ளும் கற்றையின் சிதறல் கேமராவை நிரப்பிவிடும். படத்துக்குச் சிவப்பு லேசரை மெல்லிய ஒளித் தகடாக விரித்து விட்டு, கேமரா முன் சிவப்பை மட்டும் விடும் ஃபில்டர் போடுங்கள். அந்தத் தகட்டின் பவரையும் குறைவாகவே வையுங்கள், அதுவும் தள்ளும்.

விசை ஆரத்தின் இருமடிப்படி, எடை மும்மடிப்படி. அதனால் 3, 4 மைக்ரான் உருண்டை வைத்திருப்பவர்களுக்கு அரை வாட்டே தாராளம். 10 மைக்ரானுக்கு மேல் என்றால் 2 வாட் பாருங்கள்.