பளியன்குடி வழியாகக் கண்ணகி கோட்டம்: நடைபாதை எப்படி இருக்கிறது?

மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி அன்று மட்டுமே பொதுமக்களை அனுமதிப்பதால், அங்கே செல்லும் மலைப்பாதையின் நிலையை முன்கூட்டியே விசாரித்துத் தெரிந்துகொள்வது கடினம். தமிழக, கேரள எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டுப் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,337 மீட்டர் உயரத்தில் கோயில் இருக்கிறது. குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். கூடலூரை அடுத்த லோயர் கேம்ப் அருகே உள்ள பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறலாம். இம்மதிப்புரை நடைவழியைப் பற்றியது. ஏறுவதற்கு இதைவிட நிறைவான வழி இல்லை. இறங்குவதற்கு இதை எல்லாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர்தானே என்று எண்ணிப் புறப்படுவோரை முதல் ஏற்றமே நிறுத்தி மூச்சு வாங்க வைத்துவிடும். தொடக்கத்தில் மரநிழல் உண்டு. ஆண்டில் ஒருநாள் கூட்டத்துக்காகவே புதர்களை வெட்டி வழியைச் சீராக்குவதால் பாதை தெளிவாகத் தெரிகிறது. ஆனால் வெட்டிய செடிகளின் அடிக்கட்டைகள் கணுக்கால் உயரத்தில் கூராக நீட்டிக்கொண்டிருக்கின்றன. செருப்போடு வந்த பலருக்குப் பாதத்தின் ஓரம் கிழிந்ததைக் கண்டேன். வேண்டுதலுக்காக வெறுங்காலோடு ஏறுபவர்கள் இந்தப் பகுதியைப் பொழுது நன்றாக விடிந்த பிறகே கடப்பது நல்லது.

காடு முடிந்து புல்மேடு தொடங்கியதும் நிழல் அறவே இல்லை. சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் அந்தச் சரிவில் நடப்பது வயதானவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்தானது. குடிநீர்த் தொட்டிகள் வழியில் இருந்தன; மேலே இருந்தவை முற்பகலிலேயே வற்றிவிட்டன. பிளாஸ்டிக் பாட்டில்களைச் சோதனையில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், எவர்சில்வர் பாட்டிலில் ஆளுக்கு இரண்டு லிட்டராவது கொண்டுபோக வேண்டும். புலிகள் வாழும் காட்டில் இந்தக் கெடுபிடி முற்றிலும் நியாயமானது. இன்னும் கடுமையாக இருந்தாலும் வரவேற்பேன்.

மேலே சேர்ந்ததும் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரிகிறது. மதுரையை எரித்த பின் கண்ணகி வந்து நின்ற குன்று இதுவே என்று நம்பி வருகிற மக்கள், சிதைந்த கற்சுவர்களின் நடுவே, காற்று புடவைத் தலைப்பைப் பிடுங்க, மணிக்கணக்கில் வரிசையில் பொறுமையாக நிற்கிறார்கள். அன்னதானம் தாராளமாகவே கிடைத்தது. கல்வெட்டுகளும் கட்டடமும் இருக்கும் நிலைதான் மனத்தை வருத்துகிறது. இவ்வளவு பேர் தேடி வரும் இடத்துக்கு முறையான சீரமைப்பு எப்போதோ நடந்திருக்க வேண்டும்.

இறக்கத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் ஆயிரக்கணக்கானோர் மிதித்துச் சாய்த்த காய்ந்த புல், பிற்பகலில் எண்ணெய் தடவிய பலகைபோல வழுக்குகிறது. அதன் அடியில் உருளும் சிறு சரளைக்கற்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. எனக்கு முன்னே தடுமாறிய பெண்ணிடம், எதிரே கம்போடு ஏறி வந்த பெரியவர் ஒருவர், "ஆத்தா, புல்லு மேல மிதிக்காதீங்க, ஓரமா மண்ணுல குதிகால ஊண்டி எறங்குங்க" என்றார். அந்த நாள் முழுவதும் கேட்டவற்றில் மிகப் பயனுள்ள அறிவுரை அதுதான். செங்குத்தான திருப்பங்களில் கயிறு கட்டியிருந்தால் பலர் விழுந்திருக்க மாட்டார்கள். கோடை மழை பிடித்துவிட்டால் இந்தச் சரிவில் இறங்கவே கூடாது.

அண்மை ஆண்டுகளில் காலை 6 மணி முதல் பிற்பகல் 2.30 வரையே மேலே செல்ல அனுமதித்து வருகிறார்கள். ஆகவே முதல் ஆளாகப் பளியன்குடியில் ஏறத் தொடங்கி, வெயில் ஏறுமுன் வழிபாட்டை முடித்து, முழங்கால் வலி உள்ளவர்கள் ஜீப்பில் குமுளிக்கு இறங்கி அங்கிருந்து பேருந்தில் லோயர் கேம்ப் திரும்புவது நல்லது. ஜீப் பாதையில் புழுதி மிகுதி, மூக்கை மூடத் துண்டு வேண்டும்; பிற்பகலில் ஜீப்புக்கான வரிசையும் நீண்டுவிடுவதால் நண்பகலுக்கு முன்பே அதில் போய் நின்றுவிடுங்கள்.