ஆடுதுறைக் கூடத்தில் ஜாஸ்: முள்ளா, வெள்ளித் தட்டா, இணையமா?

எங்கள் பக்கத்தில் வளர்ந்த காதுக்கு ஒரு தொல்லை உண்டு. நாயனத்தையும் தவிலையும் மைக் இல்லாமல் ஆறடி தூரத்தில் நின்று கேட்டுப் பழகியிருக்கும். ஆடுதுறைக்கு அடுத்தாற்போல் நரசிங்கம்பேட்டை, நாகஸ்வரம் கடையும் ஊர். அதைத் தாண்டினால் நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை. இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு ஆயிரக்கணக்கில் செலவழித்து ஒரு ஸ்பீக்கர் வாங்கி வைத்தால், அதிலிருந்து வரும் சாக்ஸபோன் சத்தம் தகர டப்பாவில் ஊதியது போலத் தோன்றும். சாக்ஸும் நாணல் தட்டையில் பேசும் வாத்தியம்தான். நாகஸ்வரத்தின் சீவாளிக்கு இரண்டு நாக்கு, சாக்ஸுக்கு ஒன்று. அந்த நாணல் அதிர்வது வீட்டுப் பெட்டியில் கேட்கிறதா என்பதுதான் பன்னிரண்டு வருடமாக என் கவலை.

ஜாஸ் கேட்கிறவர்களிடம் எது நல்லது என்று கேட்டால் ரிக்கார்டு கட்சி, சீடி கட்சி, இணையக் கட்சி என்று பிரிந்து நிற்பார்கள். நான் மூன்றையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில், ஒரே ஸ்பீக்கரில் மாட்டி வைத்திருக்கிறேன். ரிக்கார்டு ப்ளேயர் பெல்ட் வைத்தது, பழையது. சீடிக்குத் தனிப் பெட்டி கிடையாது, பரணில் கிடந்த டிவிடி ப்ளேயர்தான். அதன் பின்பக்கத்து டிஜிட்டல் துளையிலிருந்து ஒரு கம்பி, டிஜிட்டலை ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்ற ஒலி அலையாக மாற்றும் சின்ன டாக் பெட்டிக்குப் போகிறது. அதே டாக்கில் போனையும் யுஎஸ்பி வழியாக இணைக்கலாம். ப்ளூடூத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது பாட்டைச் சுருக்கித்தான் அனுப்பும். சமைக்கும்போது கேட்க அது போதும்.

ஒப்பிட எடுத்துக்கொண்டது ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. எல்லோரும் சொல்லிச் சலித்த தட்டுதான், தெரியும். ஆனாலும் எங்கள் ஊர்க் காதுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. முதல் பாட்டான ‘ஸோ வாட்’ மேற்கத்தியக் கணக்கில் டி டோரியன். நம் கணக்கில் அது இரண்டு கட்டையில் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். திருவையாற்றில் தியாகராஜர் கீர்த்தனை கீர்த்தனையாகப் பாடி வளர்த்த அதே மேளம். பதினாறு பார் (நாலு எண்ணிக்கை ஒரு பார்) இரண்டு கட்டையில் ஓடும். அப்புறம் எட்டு பாருக்கு அப்படியே இரண்டரைக் கட்டைக்கு ஏறும். மறுபடி எட்டு பார் பழைய இடத்துக்கு வரும். கமகம் இருக்காது, பிடி இருக்காது. ஆனால் ஆதார ஷட்ஜத்தையே தூக்கி அரைக் கட்டை மேலே வைத்து விளையாடும் அந்த எட்டு பாரில், முதல் தடவை எனக்கு நாற்காலி நகர்ந்த மாதிரி இருந்தது.

அந்தத் தட்டில் ஒரு கோளாறும் உண்டு. ஒப்பீட்டுக்கு அதுதான் சரியான பொறி. 1959 மார்ச் 2-ஆம் தேதி நியூயார்க்கில் முதல் பக்கத்துக்கான மூன்று பாட்டுகளையும் பதிவு செய்தபோது, பிரதான டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். ஏப்ரல் 22-ஆம் தேதி பதிந்த இரண்டாம் பக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக உலகமே முதல் பக்கத்தை ஏறின சுருதியில்தான் கேட்டது. 1992-இல் வந்த மறுபதிப்பில்தான், சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பை எடுத்துத் திருத்தினார்கள். என்னிடம் இருக்கும் ரிக்கார்டு அதற்கு முந்தைய அச்சு. சீடி அதற்குப் பிந்தையது.

ஒரு ராத்திரி எங்கள் தெருத் தவில் மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மாமா என்று தெருவே கூப்பிடும். எழுபதைத் தாண்டியவர், வாசிப்பதை விட்டாயிற்று. ஜாஸ் என்றால் என்னவென்று தெரியாது, நானும் சொல்லவில்லை. முதலில் ரிக்கார்டின் வேகத்தைச் சரிபார்த்தேன். நூற்றெண்பது கோடு அச்சடித்த வட்டத்தாளைத் தட்டின் மேல் வைத்து, சோக் போட்ட பழைய ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் கோடுகள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நின்றன. எல்.இ.டி. விளக்கில் இந்த வித்தை பெரும்பாலும் பலிக்காது என்பதால் அந்த ஒரு ட்யூப்லைட்டை மாற்றாமல் வைத்திருக்கிறேன். அடுத்து ரிக்கார்டு, சீடி இரண்டின் சத்தத்தையும் போனில் ஒரு அளவுமானி வைத்து ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்தேன். இதைச் செய்யாத ஒப்பீடு எதையும் நம்பாதீர்கள். கொஞ்சம் உரக்க வாசிப்பதுதான் நல்லது என்று காது எப்போதும் தீர்ப்பு சொல்லிவிடும்.

சுருதிப்பெட்டியை இரண்டு கட்டையில் மெதுவாக ஓடவிட்டு ரிக்கார்டைப் போட்டேன். பிறகு சீடி. மாமா கண்ணைத் திறக்காமலே, “மொதல்ல போட்டது ஏத்தமா இருக்கு தம்பி. பெட்டியில கோளாறா, தட்டுலயா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். “முப்பது வருஷம் ஒருத்தனுக்குமா தெரியல?” என்று கேட்டவர், அதற்கு மேல் அதில் ஆர்வம் காட்டவில்லை. டிரம்ஸ்காரர் ஜிம்மி காப் மீதுதான் அவர் கவனம் இருந்தது. “இந்த ஆளு அடிக்கவே இல்லையே, தொட்டுக்கிட்டேல்ல இருக்காரு” என்று இரண்டு தடவை சொன்னார்.

ஜிம்மி காப் ஒரே ஒரு இடத்தில் அடிப்பார். மைல்ஸின் தனி வாசிப்பு தொடங்கும்போது சிம்பலில் ஓர் அடி விழும். மூன்று பெட்டிகளையும் பிரித்துக் காட்டும் இடம் அதுதான். சீடியில் அந்த ஒலி கோயில் மணி அடங்குவது போலக் கடைசி இழை வரை இறங்கித் தேய்கிறது. ரிக்கார்டில் தொடக்கம் அருமை, வெண்கலத்தைத் தட்டின கனம் இருக்கும். ஆனால் பாதி வழியில் முள் உராயும் சலசலப்புக்குள் அமிழ்ந்துவிடுகிறது. ரிக்கார்டின் மென்மைக்கும் உரப்புக்கும் உள்ள இடைவெளி அறுபது, எழுபது டெசிபல்தான். சீடிக்குக் கணக்குப்படி 96. ஜாஸில் அடிக்கும் சத்தத்தைவிட அடங்கும் சத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. என் ஓட்டு சீடிக்கு விழுவதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் கரண்ட். பழைய பெல்ட் ப்ளேயர்களில் பலவற்றில் இருக்கும் மோட்டார், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் மாறாது, ஹெர்ட்ஸ் மாறினால் மாறும். எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றுக்கு வாடகை ஜெனரேட்டர் வந்திருந்தது. வந்தவர்களுக்குப் பெருமையாக ஒரு ரிக்கார்டைப் போட்டேன். சாக்ஸ் மேல் ஸ்தாயியில் நிற்கும் நேரம் பார்த்துக் கொல்லைப்புறத்தில் வெட் கிரைண்டரைப் போட்டார்கள். ஜெனரேட்டர் ஒரு முக்கு முக்கியது. சாக்ஸ் அப்படியே அரைக் கட்டை சரிந்து, முனகி, திரும்ப ஏறியது. பந்தியில் இருந்த மாமா, “வித்வானுக்கு மூச்சு வாங்குது, ஒரு சோடா குடுங்கடா” என்றார். அதற்குப் பிறகு விசேஷ நாளில் ரிக்கார்டைத் தொடுவதில்லை. கரண்டின் ஹெர்ட்ஸை நம்பாமல் குவார்ட்ஸ் படிகத்தால் வேகத்தைப் பூட்டி வைக்கும் நேரடி மோட்டார் ப்ளேயர், டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200-இன் 1979 மாடல் மாதிரி, இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது. விலையைப் பார்த்துவிட்டு நான் சோடாவோடு நிறுத்திக்கொண்டேன்.

மலிவான இன்வெர்ட்டர் வேறு. சதுர அலை மின்சாரம் தரும் இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். சைன் அலை இன்வெர்ட்டர் வாங்குங்கள். ஸ்பீக்கர் கம்பிக்குச் செலவழிக்கும் காசை இதற்குச் செலவழிக்கலாம்.

மூன்றாவது மழை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் சுவரே வியர்க்கும். ஒரு வருடம் அடைமழைக்குப் பிறகு அலமாரியைத் திறந்தால் ரிக்கார்டுகளின் மேல் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தென்ற துணியுமாக ஒரு வாரம் உட்கார்ந்து துடைத்தேன். தட்டு பிழைத்துக்கொண்டது. அட்டைகள் பிழைக்கவில்லை, இரண்டைக் கரையானும் பார்த்துவிட்டது. சீடி பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கம்மென்று இருந்தது. ஒன்றிரண்டில் உள்ளே வைத்த காகிதம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ரிக்கார்டு ப்ளேயரை ஏன் விற்கவில்லை என்றால், எங்கள் வீட்டுத் தரை அதற்கென்றே போட்ட மாதிரி இருக்கிறது. மேல்நாட்டு வீடுகளில் பலகைத் தரை. யாராவது நடந்தால் முள் குதிக்கும் என்று சுவரில் பலகை அடித்து அதன் மேல் ப்ளேயரை வைப்பார்கள். எங்கள் சிவப்புச் சிமெண்டுத் தரையில் பையன் கிரிக்கெட் ஆடினாலும் முள் அசைவதில்லை. அப்புறம் அந்த இருபது நிமிடம். நீளத் தட்டு 1948-இல் வருவதற்கு முன், 78 வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துச் சொச்சம்தான். மணிக்கணக்காகத் தோடி வாசித்த ராஜரத்தினம் பிள்ளையைக்கூட அந்தத் தட்டில் நறுக்கி நறுக்கித்தான் அடைத்தார்கள். நீளத் தட்டு வந்தபிறகு ஜாஸ்காரர்களால் ஸ்டுடியோவிலும் நிதானமாக ஆலாபனை செய்ய முடிந்தது. ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து போய்த் திருப்ப வேண்டும் என்ற கட்டாயத்தில், அந்த இருபது நிமிடமும் நான் வேறு எதுவும் செய்வதில்லை. சீடியில் அந்தக் கவனம் பாதிதான். இணையத்தில் இல்லவே இல்லை.

இணையத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் கிடையாது. ஒலியில் குறை சொல்ல முடியாது. 2021-இலிருந்து ஆப்பிள் மியூசிக் கூடுதல் கட்டணம் இல்லாமல், ஒலியில் எதையும் இழக்காத லாஸ்லெஸ் தரத்தில் தருகிறது. கம்பி போட்டு டாக்கில் இணைத்தால், அந்தச் சிம்பல் அடியில் சீடிக்கும் அதற்கும் மாமாவாலேயே வித்தியாசம் சொல்ல முடியவில்லை. புதிதாக ஒருவரைத் தேடிப் போக இதைவிட வழி கிடையாது. அமெரிக்காவின் சார்லி மரியானோ என்ற சாக்ஸ்காரர் நாகஸ்வரமும் கற்று வாசித்தவர் என்பதே எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மாலையில் சிக்னல் இழுத்துக்கொண்டு கிடக்கும், அது ஒரு குறை. எந்தப் பதிப்பை நமக்குப் போடுகிறார்கள் என்பதும் நம் கையில் இல்லை. நான் கேட்டுக்கொண்டிருந்த ஒரு ஆல்பத்தின் இடத்தில் ஒரு நாள் சத்தத்தை ஏற்றி இறுக்கிய மறுபதிப்பு வந்து உட்கார்ந்திருந்தது.

ஆம்ப்ளிஃபையரில் வால்வா டிரான்சிஸ்டரா என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை. நண்பர் ஒருவரின் எட்டு வாட் வால்வு ஆம்ப்பை ஒரு மாதம் வைத்திருந்தேன். ராத்திரி இருட்டில் அந்தச் சிவப்புத் தணல் அழகு. குரலும் சாக்ஸும் கூடத்தில் ஆள் நிற்பது போல இருந்தன. ஆனால் அது கத்திரி வெயில் மாதம். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கச்சேரி கேட்டது போல ஆகிவிட்டது. டிரம்ஸ் தனி வந்தபோது எட்டு வாட்டுக்கு மூச்சு திணறியது. அதிகச் சத்தம் தரும் பெரிய ஸ்பீக்கர் இருந்தால் சமாளிக்கும். எனக்கு நாற்பது வாட் டிரான்சிஸ்டர் போதும்.

ஸ்பீக்கரைவிடக் கூடம் முக்கியம். வெறும் தரை, வெறும் சுவர், உயரக் கூரை என்றால் சிம்பல் எல்லாம் சிதறிக் கத்தும். தரையில் ஒரு ஜமக்காளம் விரித்தேன், பாதி அடங்கியது. முற்றம் வைத்த வீடுகளில் பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி தங்காமல் வானத்துக்குப் போய்விடும். அதனால் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் பேஸ் வாத்தியம் வாசித்த பால் சேம்பர்ஸின் நாதம் மெலிந்தாலும் தெளிவாக இருக்கும். முற்றத்தை மூடி ஷீட் போட்டவர்களுக்கு நேர் எதிர்ச் சிக்கல், மூலையில் முழக்கம் தேங்கும். வெளிநாட்டில் இதற்கென்று மூலையில் வைக்கும் பஞ்சுத் தூண்கள் விற்கிறார்கள். நான் இரண்டு மூலையிலும் ஏ.டி.டி. 45 நெல் மூட்டைகளை அடுக்கினேன். எலி வரும் வரை நன்றாகவே வேலை செய்தது.

புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால் இப்படிச் சொல்வேன். நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, சுமாரான டிரான்சிஸ்டர் ஆம்ப், ஒரு டாக், பழைய சீடிகள். தேட இணையம், வைத்துக்கொள்ள சீடி. ரிக்கார்டு ப்ளேயர் வேண்டுமென்றால் இதெல்லாம் முடிந்து, தரையையும் மழையையும் யோசித்த பிறகு. பழைய சீடிகள் நூறு, இருநூறுக்கு இன்னும் கிடைக்கின்றன. புது ரிக்கார்டு ஒன்றின் விலையில் பத்து வரும். என்னிடம் ஒரு கடைக்காரர் ‘கீறலே இல்லை’ என்று சத்தியம் செய்து விற்ற பழைய ரிக்கார்டு இன்றைக்கும் தாளம் போட்டுக்கொண்டுதான் பாடுகிறது.

மாமா அன்றைக்குக் கிளம்பும்போது அந்த எட்டு பார் ஏறும் இடத்தை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். தொடையில் தட்டி எண்ணிக்கொண்டே கேட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, “அந்த வெள்ளித் தட்டைக் குடு தம்பி. எங்க வூட்டுலயும் டிவிடி பெட்டி ஒண்ணு சும்மாதான் கெடக்கு” என்று வாங்கிப் போனார். மூன்று மாதமாகிறது, இன்னும் திரும்பி வரவில்லை.